ஆல்ட்டர்

என் கடையில் பில் புத்தகம் கிடையாது.
காலண்டர் தாளைக் கிழித்து, பென்சிலால் எழுதி
குண்டூசியில் குத்தி பையோடு வைப்பேன்.
குறும்பனை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
ரெண்டு மிஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி,
உப்புக்காற்றில் ஊசிகள் சீக்கிரம் சாகும் கடை.

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
உடம்பைச் சுற்றிய சொற்கள்தான்:
ஷோல்டர், ஸ்லீவ், லூஸ், டைட்.
அப்புறம் ஆல்ட்டர்.
சொல்லிப் பார்த்தால் பிழையே இல்லை.
எழுதும்போதுதான்
கடைசிக்கு முந்தின எழுத்தில் வழுக்கியது.

கொடியேற்றுக்கு மூணு நாள் இருக்கையில்
ரெண்டு பை வந்தன, ரெண்டும் மஞ்சள்,
ரெண்டும் கருங்கல் ஜவுளிக்கடைப் பை.
ஒன்றில் கோயில் பீடத்து விரிப்பு:
ஓரமெல்லாம் திராட்சைக்கொத்து, ஒரு முழம் லேஸ் பிரிந்திருந்தது.
மற்றதில் பெர்பெத்து கொண்டுவந்த சட்டை.
நீலக் கட்டம்.
பனியடிமை கடைசியாக வள்ளம் ஏறின அன்று
கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.
அதனால் மட்டும் கரையில் நின்றுவிட்டது.

"எனக்க மோனுக்கு ஆல்ட்டர் செய்யணும் அக்கா.
நாகர்கோயில்ல இன்டர்வியூ.
கை ரெண்டு இஞ்சு கொறைக்கணும்.
தோளு அப்பனுக்க தோளுதான், அதத் தொடண்டாம்."

எழுதிக் குத்தினேன்.
நூல் வாங்க குளச்சலுக்குப் போனேன்.

சஜினி கடையில் இருந்தாள்,
ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருஷம்.
கோயிலிலிருந்து பையன் சைக்கிளில் வந்து
"பீடத்துக்க துணி" என்றதும்
சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.
சரியாக வாசித்தது ஒன்றுதான்
அவள் செய்த தப்பு.

சக்கிறிஸ்துவில் பையைத் திறந்த உபதேசியார்
சட்டையைத் தூக்கிப் பார்த்தாராம், முன்னும் பின்னும்.
யாருக்கோ நேர்ச்சையாக்கும் என்று
நாலாக மடித்து
பீடத்தின் இடது ஓரம், மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தாராம்.
சாயங்காலப் பூசைக்கு
பெர்பெத்து மூணாவது வரிசை.

அலறினாள் என்கிறார்கள்.
ஓடிப்போய் எடுத்தாள் என்கிறார்கள்.
எழும்பவே இல்லை என்கிறாள் மீன்காரி றோசிலி,
நன்மை வாங்கக்கூட.
நான் அங்கே இல்லை, நூல் கடையில்
வெள்ளையில் எந்த வெள்ளை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் வந்தாள், அதே பையோடு.
நான் என்ன சொல்வது?
சஜினிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு
"ஏ போட்டா பீடம், ஈ போட்டா மாத்துறது" என்றாள்.
எனக்குத் தெரிந்த ஈ
ஏலக்கூடத்தில் சாளைமேல் உட்காரும்.
அது இப்படியும் செய்யும் என்று
எட்டாம் வகுப்புவரை யாரும் சொல்லவில்லை.

பெர்பெத்து கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"பீடத்துல வெச்சாலும் மாறும்தானே அக்கா?
அப்பம் மாறுது. ரசம் மாறுது."
சட்டையை எடுத்து உதறினாள்.
கடை முழுக்கச் சாம்பிராணி.
"இது மாறல்ல. மணம்தான் மாறியிருக்கு.
கைய வெட்டுங்க."

வெட்டினேன்.
கத்திரிக்கு அது வெறும் பருத்திதான்.
பையன் போட்டுப் பார்த்தான்:
தோள் சரி, கழுத்து சரி,
முகம் மட்டும் கண்ணாடியைப் பார்க்க மறுத்தது.
காசு வேண்டாம் என்றேன்.
எண்பது ரூபாயை மிஷின்மேல் வைத்து
ஊசிப்பெட்டியால் அழுத்திவிட்டுப் போனாள்.

வெட்டின ரெண்டு வளையமும்
மேசை இழுப்பில் கிடக்கின்றன.
அவள் கேட்கவில்லை. நான் கொடுக்கவும் இல்லை.

தமிழில் எழுதினால் என்ன என்று முயன்றேன்.
தமிழில் ரெண்டும் ஒரே ஆல்ட்டர்,
நமக்கு ஏயும் இல்லை ஈயும் இல்லை.
அதனால் இப்போது படம் போடுகிறேன்,
கோயில் துணிக்கு ஒரு சிலுவை,
மாற்ற வேண்டியதற்கு வாய் திறந்த கத்திரி.

சஜினி சீட்டைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
பிறகு தலைகீழாக.
"சித்தி,
இது எது?"